லாம்புரூஸ்கோ: சிவப்பு, நுரை, சாப்பாடு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

இத்தாலியின் மொடெனா ஊரில் ஆறு வருடம் குடியிருந்தேன். அந்தப் பக்கத்துச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர்ச் சொம்பு மாதிரி இருப்பது லாம்புரூஸ்கோ. சிவப்பு ஒயின், ஆனால் நுரைக்கும். அதைப் பற்றி ஊரிலிருந்து வந்துபோன சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் ஒயின் நிபுணன் இல்லை. சாப்பாட்டு ஆள். பதில்களை அப்படி எடுத்துக்கொள்ளுங்கள்.

லாம்புரூஸ்கோ என்றால் என்ன? ரெட் ஒயினில் நுரை வருமா?

வரும். நுரைக்கும் ஒயின் என்றாலே வெள்ளை, ஷாம்பெய்ன், கல்யாண வாழ்த்து என்று பழகிவிட்டோம். எமிலியா-ரொமாஞா மாநிலத்தில் மொடெனா, ரெஜ்ஜோ எமிலியா, பார்மா ஆகிய ஊர்களைச் சுற்றி விளையும் ஒரு கறுப்புத் திராட்சைக் குடும்பத்துக்குப் பெயர் லாம்புரூஸ்கோ. அதிலிருந்து எடுக்கும் ஒயினுக்கும் அதே பெயர். மான்டோவா பக்கமும் கொஞ்சம் விளைகிறது.

பெயரின் வேர் ‘லப்ருஸ்கா’ என்ற லத்தீன் சொல். ரோமானியர் காட்டுக்கொடியை அப்படி அழைத்தார்கள். அமெரிக்காவில் இதே பெயரில் வேறு ஒரு திராட்சை இனம் உண்டு. இரண்டுக்கும் உறவில்லை, பெயர்ப் பொருத்தம் மட்டும்தான்.

எல்லா லாம்புரூஸ்கோவும் ஒன்றுதானே?

மாம்பழம் எல்லாம் ஒன்றுதானே என்று சேலத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். லாம்புரூஸ்கோவில் பத்துக்கு மேல் வகை உண்டு. மூன்றைத் தெரிந்துகொண்டால் மேசையில் சமாளித்துவிடலாம். மொடெனா மாவட்டத்தின் இந்த மூன்றுக்கும் 1970இல் அரசின் பிறப்பிட முத்திரை கிடைத்தது.

முதலாவது சொர்பாரா. செக்கியா, பனாரோ என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே வண்டல் சமவெளியில் விளைவது. நிறம் ரோஜா இதழுக்கும் மாதுளைச் சாறுக்கும் இடையில் இருக்கும். புளிப்பு கூரானது, லேசாக உப்புக் கரிப்பதுபோலக்கூட ஒரு உணர்வு வரும். இந்தக் கொடியின் பூவில் மகரந்தம் சரியாக வேலை செய்யாது. பக்கத்து வரிசையில் வேறு கொடி நட்டு, அதன் மகரந்தம் காற்றில் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். அப்போதும் குலையில் பாதி மணிகள் மிளகளவில் நின்றுவிடும். விளைச்சல் குறைவு. முழுதாக விளைந்த மணிகளில் வாசனை அதிகம்.

இரண்டாவது சலமீனோ. சொர்பாராவுக்கு மகரந்தம் தரும் அந்தப் பக்கத்து வரிசை பெரும்பாலும் இதுதான். குலை நீளமாக, உருண்டையாக, குட்டி சலாமி (பன்றி இறைச்சியை உருளையாக அடைத்து உலர்த்தியது) போல இருப்பதால் இந்தப் பெயர். கார்ப்பி ஊரை ஒட்டிய சாந்தா குரோச்சே கிராமம் இதன் தாய்வீடு. நிறத்திலும் சுவையிலும் நடுவாந்தரம். எதற்கும் ஒத்துப்போகிற மருமகன் மாதிரி.

மூன்றாவது கிராஸ்பரோஸ்ஸா. சமவெளி முடிந்து குன்று ஏறும் காஸ்தெல்வெத்ரோ பக்கத்தில் விளைவது. பெயருக்கு ‘சிவந்த காம்பு’ என்று பொருள். இலையுதிர் காலத்தில் இலையோடு காம்பும் சிவந்துவிடும். ஊற்றினால் நாவல்பழச் சாறு மாதிரி இருக்கும். நுரைகூட ஊதா. குடித்தபின் கண்ணாடியில் நாக்கைப் பார்த்தால் சின்ன வயது ஞாபகம் வரும். நாவல்பழத்தின் அந்தத் துவர்ப்பும் இதில் உண்டு.

என் ஓட்டு சொர்பாராவுக்கு. ஆனால் முதன்முதலாகக் குடிப்பவர்கள் பெரும்பாலும் கிராஸ்பரோஸ்ஸா பக்கம் சாய்கிறார்கள். அதிலும் தப்பில்லை.

நுரை எங்கிருந்து வருகிறது? சோடா மாதிரி காற்று அடைக்கிறார்களா?

நல்ல பாட்டிலில் இல்லை. திராட்சைச் சர்க்கரையை ஈஸ்ட் தின்னும்போது ஆல்கஹாலோடு கரியமில வாயுவும் வரும். வாயு வெளியேற வழி இல்லாமல் மூடிவிட்டால் ஒயினுக்குள்ளேயே கரைந்து நிற்கும். அவ்வளவுதான் ரகசியம்.

இது முதலில் குளிர் செய்த வேலை. அங்கே அறுவடை செப்டம்பர், அக்டோபரில். சாறு புளித்துக்கொண்டிருக்கும்போதே பனிமூட்டமும் குளிரும் வந்துவிடும். ஈஸ்ட் பாதி வேலையில் தூங்கிப்போகும். வசந்தத்தில் அந்த ஒயினைப் பாட்டிலில் அடைத்தால், வெயில் ஏற ஏற ஈஸ்ட் விழித்து மிச்சச் சர்க்கரையைத் தின்னும். வாயு பாட்டிலுக்குள் மாட்டிக்கொள்ளும். அடியில் ஈஸ்ட் மண்டியும் தங்கும்.

1895இல் இத்தாலியின் ஆஸ்தி ஊரில் வேலை பார்த்த ஃபெதெரிகோ மார்த்தினோத்தி என்பவர் இதைப் பாட்டிலுக்குப் பதில் பெரிய மூடிய தொட்டியில் செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். 1907இல் பிரான்ஸைச் சேர்ந்த யூஜீன் ஷர்மா என்பவர் அந்தத் தொட்டியை மேம்படுத்தினார். இன்றைக்குப் பெரும்பாலான லாம்புரூஸ்கோ தொட்டியில்தான் நுரைக்கிறது. பாட்டிலிலேயே நுரைக்கவிடும் பழைய முறையும் சமீப காலமாகத் திரும்பி வந்திருக்கிறது.

‘ஃப்ரிஸாந்தே’ என்று லேபிளில் இருந்தால் உள்ளே அழுத்தம் 1 முதல் 2.5 பார் வரை, அதாவது அதிகபட்சம் கார் டயர் அளவு. ‘ஸ்புமாந்தே’ என்றால் 3 பாருக்கு மேல். ஷாம்பெய்னில் 5, 6 வரை போகும். லாம்புரூஸ்கோவில் பெரும்பகுதி ஃப்ரிஸாந்தேதான். மூக்கில் ஏறாத, மெத்தென்ற நுரை.

நான் ஒரு தடவை குடித்தேன். பழரசத்தில் சோடா கலந்ததுபோல இனித்தது. இதற்கா இவ்வளவு பேச்சு?

உங்களுக்குக் கிடைத்தது ஏற்றுமதிச் சரக்காக இருக்கலாம். 1970களிலும் 80களிலும் அமெரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது இனிப்பு லாம்புரூஸ்கோ. ஐஸ் போட்டுக் குடியுங்கள் என்று தொலைக்காட்சியில் விளம்பரமே வந்தது. விற்பனை எகிறியது, பெயர் கெட்டது. உலகம் முழுக்க ‘லாம்புரூஸ்கோவா, அந்த இனிப்புத் தண்ணீரா’ என்ற பேச்சு அப்போது ஒட்டிக்கொண்டது. ஊர்க்காரர்கள் தங்கள் மேசையில் குடிப்பது பெரும்பாலும் இனிப்பில்லாதது.

லேபிளில் நாலு சொற்களைத் தேடுங்கள். ‘செக்கோ’ என்றால் இனிப்பில்லை. ‘செமிசெக்கோ’ அல்லது ‘அப்பொக்காத்தோ’ என்றால் நுனிநாக்கில் லேசான இனிப்பு. ‘அமாபிலே’ என்றால் நன்றாகத் தெரியும் இனிப்பு. ‘தோல்ச்சே’ என்றால் பலகாரத்தோடு வைக்கிற அளவு. ஸ்புமாந்தே பாட்டிலில் மட்டும் கணக்கு வேறு. ‘ப்ரூட்’ என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைவான சர்க்கரை. ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது பெயரில் வறண்டிருந்தாலும் 12 முதல் 17 கிராம், அதாவது ப்ரூட்டைவிட இனிப்பு. இதில் ஏமாறாதவர்களை நான் பார்த்ததில்லை.

இனிப்பு வகையைக் கேவலமாக நினைக்கவும் வேண்டாம். அதற்கும் இடம் உண்டு, கீழே வருகிறேன்.

சாப்பாடு இல்லாமல் சும்மா சுவைத்துப் பார்க்கக் கூடாதா?

பார்க்கலாம். ஆனால் அது மாவடுவைத் தயிர்சாதம் இல்லாமல் கடித்துவிட்டு ‘ஒரே உப்பு’ என்று ஜாடியை மூடுவது மாதிரி. பக்கத்துத் துணை இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடியாத பண்டம் அது. லாம்புரூஸ்கோவும் அப்படித்தான். ஒயின் போட்டிகளில் வரிசையாக முப்பது கிளாஸ் வைத்துச் சுவைக்கும்போது சொர்பாரா எப்போதும் தோற்றுப்போகும் சாதி. புளிப்பு, மெலிவு, அவ்வளவுதான் என்று தோன்றும். அதே கிளாஸை ஒரு தட்டு மொர்ததெல்லா (கொழுப்புத் துண்டுகள் கலந்து வேகவைத்த பன்றி இறைச்சி) பக்கத்தில் வையுங்கள், வேறு ஆளாகிவிடும்.

காரணம் அந்த நாட்டுச் சமையல். எமிலியா பன்றிக்கொழுப்பின் நாடு. புரொஷூட்டோ (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை), மொர்ததெல்லா, சலாமி, வெண்ணெய், முட்டை போட்டுப் பிசைந்த பாஸ்தா, அதற்குமேல் பார்மிஜானோ சீஸ். நாலு வாய்க்குள் நாக்கில் ஒரு கொழுப்புப் படலம் படிந்துவிடும். அடுத்த வாய் ருசிக்காது. ஒயினின் புளிப்பு எச்சில் ஊறவைக்கும். நுரை கிச்சுகிச்சு மூட்டிப் படலத்தைக் கிளப்பும். துவர்ப்பு மிச்சத்தை வழித்தெடுக்கும். வாய் கழுவித் துடைத்ததுபோல் ஆகிவிடும். நம்மூரில் பிரியாணிக்கு நடுவே வெங்காயப் பச்சடி செய்வதும் அந்த வேலைதான்.

இது ஒரு பக்கம். சாப்பாடு ஒயினுக்குச் செய்வது இன்னொரு பக்கம். நம்மிடம் ஆறு சுவைகளில் ஒன்றாகத் துவர்ப்பு இருக்கிறது. வாழைப்பூ, நெல்லிக்காய், பாக்கு என்று உதாரணம் சொன்னால் உடனே புரியும். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருப்பது அதுவேதான். எச்சிலின் வழுவழுப்பைப் பிடித்து இழுத்துக்கொள்வதால் வாய் வறண்டதுபோல் ஆகிறது. குளிர்ச்சியும் நுரையும் சேர்ந்தால் துவர்ப்பு இன்னும் முரடாகும். சிவப்பு ஒயினை நுரைக்கவைக்க உலகில் பலர் தயங்குவது இதனால்தான். கிராஸ்பரோஸ்ஸாவில் பலர் கொஞ்சம் இனிப்பை விட்டுவைப்பதும் இதைத் தணிக்கத்தான். ஆனால் பக்கத்தில் உப்பும் கொழுப்பும் இருந்தால், துவர்ப்பு நாக்கை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்கிறது. ஒயின் மெத்தென்று ஆகிவிடும். ஒன்றுக்கொன்று முரட்டுத்தனத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள், நல்ல தம்பதி மாதிரி.

சரி, சுவைத்துப் பார்ப்பது எப்படி?

பெரிய சடங்கு ஒன்றும் இல்லை. கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றுங்கள். முதலில் நுரையைப் பாருங்கள். சில நொடிகளில் அடங்கிவிடும், அந்த நொடிகளில் அதன் நிறம் நன்றாகத் தெரியும். வெள்ளைத்தாள் ஒன்றைக் கிளாஸுக்குப் பின்னால் பிடித்தால் ஒயினின் நிறமும் தெரியும். நுரை அடங்கியதும் முகருங்கள். பொங்கும்போது மூக்கை வைத்தால் வாயு சுள்ளென்று குத்தி வாசனை எதுவும் பிடிபடாது. சொர்பாராவில் ஸ்ட்ராபெர்ரியும் ஏதோ ஒரு பூவும் வரும். கிராஸ்பரோஸ்ஸாவில் கறுத்த பழங்களும் முடிவில் ஒரு மெல்லிய கசப்பும்.

அப்புறம் ஒரு வாய் குடித்து, வாயில் இரண்டு மூன்று நொடி வைத்திருந்து விழுங்குங்கள். இது வெறும் வாய்ச் சுவை. அடுத்து ஒரு வாய் சாப்பாடு, நன்றாக மென்று விழுங்குங்கள். உடனே மறுபடி ஒரு வாய் ஒயின். இந்த இரண்டாவது வாய்தான் கணக்கு. முதல் வாய்க்கும் இதற்கும் என்ன மாறியது? புளிப்பு குறைந்ததா, பழம் முன்னால் வந்ததா, கசப்பு ஏறியதா? நான் சின்ன நோட்டில் இரண்டு வாய்க்கும் தனித்தனி வரி எழுதிவைப்பேன்.

ஒன்றுக்கு மேல் பாட்டில் இருந்தால் வெளிறியதிலிருந்து கறுத்ததற்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் சொர்பாரா வெறும் எலுமிச்சைத் தண்ணீராகத் தெரியும். நடுவே வெறும் ரொட்டியும் தண்ணீரும் போதும். சென்ட் பூசிக்கொண்டு உட்கார வேண்டாம். ஊதுவத்தியும் வேண்டாம்.

எவ்வளவு குளிராக இருக்க வேண்டும்? எந்தக் கிளாஸ்?

சொர்பாரா 8 முதல் 10 டிகிரி. கிராஸ்பரோஸ்ஸா 12 முதல் 14. ரெட் ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற விதி இங்கே செல்லாது. அது ஐரோப்பியக் கல்வீடுகளின் அறை வெப்பம், மே மாதச் சென்னை வீட்டுடையது இல்லை. ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்துவிட்டு, கறுத்த வகையைச் சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள். ஐஸ் போடாதீர்கள். உருகி நுரையையும் சுவையின் கனத்தையும் தின்றுவிடும்.

ஒல்லியான உயரக் கிளாஸ் வேண்டாம், அதில் மூக்குக்கு வேலை இல்லை. நடுவில் அகன்று வாய் குறுகிய சாதாரண வெள்ளை ஒயின் கிளாஸ் போதும். பழைய உணவுவிடுதிகளில் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். ஊதாச் சாயம் கிண்ணத்தின் உட்சுவரில் ஏறி இறங்குவதைப் பார்த்தே ஒயினின் தரத்தைப் பேசுகிற பெரிசுகள் இருக்கிறார்கள். வாசனைக்குக் கிண்ணம் உதவாது, உண்மை. ஆனாலும் இரண்டு கையால் பிடித்துக் குடிக்கும்போது ஒரு சுகம் இருக்கிறது.

எந்தச் சாப்பாட்டுக்கு எது?

மொர்ததெல்லா, புரொஷூட்டோ மாதிரி மெல்லிசாகச் சீவிய இறைச்சித் தட்டுக்குச் சொர்பாரா. கூடவே ‘ஞோக்கோ ஃப்ரித்தோ’ வரும். மைதா மாவைத் தேய்த்து, வெட்டி, பன்றிக்கொழுப்பில் பொரித்தது. நம் பூரியின் ஒன்றுவிட்ட தம்பி. சூடாக உப்பி வரும்போது அதன்மேல் புரொஷூட்டோவைப் போட்டால், கொழுப்பு உருகிக் கண்ணாடியாகும். அந்த நேரத்தில் கிளாஸை எடுங்கள்.

தாலியத்தெல்லே பாஸ்தாவும் கறிக்குழம்பும், லசான்யா, இவற்றுக்கு சலமீனோ. தக்காளியின் புளிப்புக்கு ஈடுகொடுக்கும். தொர்தெல்லீனி என்ற இறைச்சி அடைத்த குட்டிப் பாஸ்தாவைச் சேவல் சூப்பில் போட்டுத் தருவது கிறிஸ்துமஸ் சாப்பாடு. அதற்கு மறுபடி சொர்பாரா.

ஸம்போனே என்று ஒன்று உண்டு. பன்றியின் முன்னங்காலில் எலும்பை எடுத்துவிட்டு அரைத்த இறைச்சியை அடைத்து மணிக்கணக்கில் வேகவைப்பது. மொடெனாக்காரர்கள் ஆண்டுக்கடைசி இரவில் அதை மசூர்ப்பருப்பு மாதிரியான ஒரு பருப்போடு சாப்பிடுகிறார்கள். பருப்பு காசு மாதிரி வட்டமாக இருப்பதால் வரும் வருடம் பணம் சேருமாம். பிசுபிசுவென்று உதடு ஒட்டும் பண்டம். இனிப்பில்லாத கிராஸ்பரோஸ்ஸா இல்லாமல் நான் அதன் பக்கம் போகமாட்டேன்.

பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸுக்கு எதுவும் ஒத்துவரும். ஆனால் வயது பாருங்கள். 24 மாதச் சீஸுக்குச் சொர்பாராவோ சலமீனோவோ. 36 மாதம் ஆனதில் உப்பும் கூர்மையும் ஏறி, பல்லில் நறநறவென்று பொடிக்கற்கள் மாதிரி கடிபடும். அதற்குக் கறுத்தது வேண்டும். அமாபிலே கூட நன்றாக இருக்கும். ஒரு சக்கரம் சீஸ் 40 கிலோ. அதற்கு 500 லிட்டருக்கு மேல் பால் போகிறது. அந்த மாட்டுப்பண்ணைகளில் வேலை பார்ப்பவர்களில் பஞ்சாபிலிருந்து போனவர்கள் ஏராளம். தலைப்பாகை கட்டிய பெரியவர் சைக்கிளில் போவதை நோவெல்லாரா பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம்.

சேராதவை: வெள்ளை மீனை வேகவைத்தது, கூனைப்பூ (ஆர்ட்டிசோக்), கறுப்புச் சாக்லேட். கடைசியது தோல்ச்சேயோடு மட்டும் பரவாயில்லை.

சூப்புக்குள் ஒயினை ஊற்றிக் குடிப்பார்களாமே, நிஜமா?

நிஜம். எங்கள் கீழ்வீட்டு அம்மா மான்டோவாவில் பிறந்தவர். முதல் குளிர்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டிருந்தார். கிண்ணத்தில் கொதிக்கக் கொதிக்கச் சூப், அதில் ஐந்தாறு அஞ்ஞோலீனி, அதாவது இறைச்சி அடைத்த குட்டிப் பாஸ்தா. நான் கரண்டியை எடுத்தபோது அவர் பாட்டிலைச் சாய்த்து என் கிண்ணத்தில் ஊற்றிவிட்டார். பொன்னிறச் சூப் நொடியில் ஊதாவாகி, ஓரத்தில் இளஞ்சிவப்பு நுரை ஓடி அடங்கியது. கைதவறிவிட்டதாக நினைத்து நான் துடைக்கத் துணி தேடினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்திலும் ஊற்றி, கரண்டி இல்லாமல் அப்படியே தூக்கிக் குடித்தார்.

‘பெவ்ர் இன் வின்’ என்று அவர்கள் பேச்சுவழக்கில் பெயர். சாப்பாடு ஆரம்பிக்கும் முன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளும் வழக்கம். முதல் வாய் எனக்கு விநோதமாக இருந்தது. இரண்டாவதில் சூப்பின் கொழுப்பு கரைந்து, புளி ரசத்தின் ஒரு சாயல் வந்தது. மூன்றாவதில் கிண்ணம் காலி.

நான் சைவம். எனக்கு இதில் என்ன?

நிறைய உண்டு, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். ஞோக்கோ ஃப்ரித்தோ மரபுப்படி பன்றிக்கொழுப்பில் பொரிப்பது. சில இடங்களில் எண்ணெயில் பொரிக்கிறார்கள். திஜெல்லே என்ற குட்டி ரொட்டி அப்பாவியாக இருக்கும், உள்ளே தடவித் தருவது பூண்டு போட்டு அரைத்த பன்றிக்கொழுப்பு. கீரை அடைத்த எர்பஸோனே அடையிலும் சிலர் இறைச்சித் துண்டு போடுவார்கள். பார்மிஜானோவில் பாலைத் திரிக்கக் கன்றுக்குட்டியின் இரைப்பைச் சாறுதான் சேர்க்க வேண்டும் என்பது விதி. அதனால் கட்டாய சைவர்களுக்கு அதுவும் ஆகாது. இதை நான் சொல்லி வருத்தப்பட்டவர்கள் உண்டு, மன்னிக்கவும்.

நம்பிச் சாப்பிடக்கூடியது, சீஸ் பிரச்சினை இல்லாதவர்களுக்கு, பூசணி அடைத்த தொர்தெல்லி. மேலே உருக்கிய வெண்ணெயும் சேஜ் இலையும். மான்டோவாவில் அதற்குள் பாதாம் பிஸ்கட்டும் பழ ஊறுகாயும் சேர்ப்பதால் இனிப்பும் காரமும் கலந்திருக்கும். இனிப்பு அதிகமான தட்டுக்கு இனிப்பில்லாத ஒயின் வைத்தால் ஒயின் காடியாகத் தெரியும். அதனால் செமிசெக்கோ எடுங்கள்.

நம்ம காரசாரமான சாப்பாட்டோடு போகுமா?

பாதி போகும். மிளகாய்க் காரத்தை ஆல்கஹாலும் நுரையும் கூட்டிவிடும். துவர்ப்பும் சேர்ந்தால் வாய் எரியும். அதனால் காரமான கறிக்கு இனிப்பில்லாத கிராஸ்பரோஸ்ஸா வேண்டாம். அமாபிலே எடுங்கள். ஆல்கஹாலும் அதில் 8 சதவீதம் பக்கம்தான் இருக்கும், இனிப்பு காரத்தை அணைக்கும்.

மொடெனா அடுப்படியில் நான் செய்து பார்த்ததில் ஜெயித்தது மசால்வடையும் சொர்பாராவும். பருப்பு, சோம்பு, எண்ணெய், எல்லாவற்றுக்கும் அது பதில் சொன்னது. காரம் குறைத்த மட்டன் சுக்காவுக்குச் சலமீனோ நன்றாக இருந்தது. ரசம் சாதத்தோடு முயன்றேன், இரண்டு புளிப்பும் சண்டை போட்டுக்கொண்டன. தயிர்சாதத்தோடு செய்யாதீர்கள். மாவடு உதாரணம் உதாரணம்தான்.

பால்சாமிக் வினிகரும் அதே ஊர்தானே? சேர்த்துச் சாப்பிடலாமா?

அதே ஊர், பல சமயம் அதே திராட்சை. லாம்புரூஸ்கோ, திரெபியானோ திராட்சைச் சாற்றைக் காய்ச்சி, சின்னச் சின்ன மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 வருடம் வைத்து எடுப்பது மரபு வினிகர். தேன் மாதிரி கெட்டி. பார்மிஜானோத் துண்டில் இரண்டு சொட்டு விட்டால் லாம்புரூஸ்கோவோடு அருமை. சாலட்டில் ஊற்றும் மலிவுத் தண்ணி வினிகரோ எந்த ஒயினையும் கொன்றுவிடும்.

திறந்தபோது பீறிட்டு அடித்தது. பாட்டில் கெட்டுப்போனதா? இன்னொன்றில் அடியில் மண்டி இருந்தது.

முதலாவது சூடாக இருந்திருக்கும், அல்லது ஆட்டியிருப்பீர்கள். ஜூலை மாதத்தில் கார் டிக்கியில் கொண்டுவந்த பாட்டிலை நேராகத் திறந்து, வாடகைவீட்டு வெள்ளைச் சுவரை ஊதாவாக்கியவன் என்ற முறையில் சொல்கிறேன். சுவருக்கு இரண்டு கோட் பெயின்ட் அடித்தும் கறை மங்கலாகத் தெரிந்தது. நன்றாகக் குளிரவைத்து, பாட்டிலைச் சாய்த்துப் பிடித்து, தக்கையை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, தக்கையைத் திருகாமல் பாட்டிலைத் திருகுங்கள். ‘டப்’ என்று வரக்கூடாது, பெருமூச்சு மாதிரி வர வேண்டும்.

மண்டி இருந்தால் அது பாட்டிலிலேயே நுரைத்த வகை. ஈஸ்ட்தான், ஒன்றும் செய்யாது. தெளிவாக வேண்டுமென்றால் நிற்கவைத்து மெதுவாக ஊற்றிக் கடைசி விரலளவை விட்டுவிடுங்கள். முதல் பாதியைத் தெளிவாகவும் மிச்சத்தைக் கலக்கியும் குடித்துப் பாருங்கள். ஒரே பாட்டிலில் இரண்டு ஒயின் கிடைக்கும். கலங்கலில் ரொட்டி வாசனை இருக்கும்.

வாங்கிவைத்துப் பழசாக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலானவை ஓரிரு வருடத்துக்குள் குடிக்க வேண்டியவை.

வேறு சிவப்பு நுரை ஒயின்கள் உண்டா?

உண்டு. நேப்பிள்ஸ் பக்கம் கிராஞானோ, பீட்சாவோடு குடிப்பது. பீத்மொந்தில் பிராக்கெத்தோ, ரோஜா வாசனையுள்ள இனிப்பு வகை, ஸ்ட்ராபெர்ரிப் பழத்தோடு. பவியா பக்கத்துப் பொனார்தா லாம்புரூஸ்கோவின் பக்கத்துவீட்டுக்காரர். ஆஸ்திரேலியாவில் ஷிராஸ் திராட்சையை நுரைக்கவைத்து, கிறிஸ்துமஸ் வெயிலில் வான்கோழியோடு குடிக்கிறார்கள். அது கனமானது, இந்தப் பதில்கள் அதற்குப் பொருந்தாது.

எவ்வளவு ஏறும்? வண்டி ஓட்டலாமா?

இனிப்பில்லாதது பொதுவாக 11 சதவீதம் பக்கம். நுரை இருப்பதால் சீக்கிரம் ஏறுவதுபோலத் தோன்றும், சில்லென்று இருப்பதால் அளவு தெரியாமல் உள்ளே போகும். வண்டி ஓட்டுவதாக இருந்தால் குடிக்காதீர்கள். இத்தாலியில் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கும் பூஜ்யம். சுவைத்துப் பார்க்கும்போது துப்புவதற்கு ஒரு குவளை வைத்துக்கொள்வது அசிங்கம் இல்லை. குடிப்பதில்லை என்று இருப்பவரை யாரும் அங்கே வற்புறுத்தியும் நான் பார்த்ததில்லை. கீழ்வீட்டு அம்மாவின் மருமகன் ஒரு சொட்டுத் தொடமாட்டார். அவர் கிண்ணத்தில் சூப் பொன்னிறமாகவே இருக்கும்.

பாட்டில் பாதி மிச்சமாகிவிட்டது. என்ன செய்வது?

நுரை ஒயினுக்கென்று விற்கும் கவ்வும் மூடியைப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் மதியம் வரை தாங்கும். நுரை போனபின் குடிக்கப் பிடிக்காது. ரிசொத்தோ செய்யும்போது அரிசியை வதக்கியதும் ஒரு கரண்டி ஊற்றுங்கள், சோறு வெளிர் ஊதாவாக வரும். கோடைகாலமாக இருந்தால் இன்னும் நல்ல வழி உண்டு. பழுத்த பீச் பழத்தைத் தோலோடு துண்டுபோட்டு, கிண்ணத்தில் முங்கும் அளவுக்கு ஒயினை ஊற்றி, ஒரு ஸ்பூன் சர்க்கரை தூவி, ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் ஊறவிடுங்கள். பழத்தைத் தின்றபிறகு அடியில் நிற்கும் சாற்றை, மான்டோவாக்காரர்கள் சூப்பைக் குடிப்பதுபோல, கிண்ணத்தோடு தூக்கிக் குடியுங்கள்.